இறங்கிய எடை ஏன் தங்குவதில்லை? சோறும் நடையும் குறித்து ஒரு விவாதம்

மாம்பலத்தான் (3 ஆகஸ்ட் 2025)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. உயரம் 168 செ.மீ. 2024 ஜனவரியில் என் எடை 88 கிலோ. வீட்டுக்கு அருகில் இருந்த ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்தேன். சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு, மதியமும் இரவும் இரண்டிரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுவேன். நான்கு மாதங்களில் 77 கிலோவுக்கு வந்தேன்.

பிறகு பளு தூக்கும்போது வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. வலித்தால்தான் பலன் என்று பயிற்சியாளர் சொன்னதை நம்பி இரண்டு வாரம் மேலும் தொடர்ந்தேன். அதன்பின் நடப்பதே சிரமமாகிக் கூடத்தை விட்டேன். ஆவணியில் கல்யாணப் பந்திகள் வந்தன, தீபாவளி வந்தது, சோறும் திரும்பி வந்தது. இன்று காலை எடை 86. இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று மருத்துவர் சொன்னார். என் தந்தை 58 வயதில் சர்க்கரையால் இரண்டு கால்விரல்களை இழந்தவர். அதனால் இந்த எண்ணை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுபடியும் தொடங்க வேண்டும். எடையைக் குறைப்பதும், குறைந்ததை நிலைநிறுத்துவதும் சாப்பாட்டால் ஆகிறதா, உடற்பயிற்சியால் ஆகிறதா? இரண்டும் வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எதற்கு எவ்வளவு இடம் தருவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பெசன்ட் நகர் நடையர் (3 ஆகஸ்ட் 2025)

தம்பி, நான் பணி ஓய்வு பெற்றவன். 12 ஆண்டுகளாக எலியட்ஸ் கடற்கரையில் காலை ஐந்தரை மணிக்கு நடந்து வருகிறேன். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகளை அமைத்தபோது, சென்னையில் அது தொடங்கப்பட்டது எங்கள் பெசன்ட் நகரில்தான். அதற்குப் பிறகு புதிய முகங்கள் நிறைய வந்தன. பாதிப் பேர் நிலைத்தார்கள்.

ஆனால் நிலைத்தவர்களிலும் எடை குறைந்தவர்கள் சிலரே. காரணத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் முதல் மூன்று ஆண்டுகள் நானும் அதே கூட்டத்தில் இருந்தேன். முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் 75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 200 முதல் 250 கலோரி வரை செலவாகும். நடை முடிந்ததும் ஆறேழு பேராக உணவகத்தில் உட்காருவோம். நெய் மிதக்கும் பொங்கல், ஒரு வடை, சர்க்கரை போட்ட காபி. அந்த ஒரு தட்டு, நடந்து செலவழித்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். மூன்று ஆண்டுகளில் என் எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. ஆனால் நடக்கிறோம் என்ற நிம்மதி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

உணவகத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு, இரண்டு ஆண்டுகளில் 9 கிலோ குறைந்தது. அதன்பின் ஏழு ஆண்டுகளாக ஒரு கிலோ முன்பின்னாக அதே எடையில் இருக்கிறேன். குறைத்தது சாப்பாடு, காத்தது நடை என்பதே என் அனுபவம். நீங்கள் நான்கு மாதத்தில் 11 கிலோ குறைத்தது அவசரம் என்றே எனக்குப் படுகிறது.

பெரம்பூர்ச் சமையலறை (4 ஆகஸ்ட் 2025)

மாம்பலத்து அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த நான்கு மாதமும் வேளைக்கு இரண்டு சப்பாத்தி யார் போட்டார்கள்? வீட்டில் மற்றவர்களுக்குச் சோறும் குழம்பும் ஆகிக்கொண்டிருக்கும்போது, ஒருவருக்கு மட்டும் மாவு பிசைந்து, தோசைக்கல்லைத் தனியாகச் சூடேற்றி, அவர் உட்காரும் நேரத்துக்குச் சுட்டுப் போடுவது ஒரு நாளைக்கு இரண்டு முறை நடக்கும் வேலை. உங்கள் வீட்டில் எப்படி என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் என் கணவருக்காக அதை ஐந்து மாதம் நான் செய்தேன். என் மாமியார் மருத்துவமனையில் படுத்த வாரம் அது நின்றது. நின்றதும் திரும்பவே இல்லை. ஒரு வீட்டின் அடுப்பில் ஒருவருக்காக மட்டும் தனிப் பாத்திரம் ஏறினால் அந்த உணவுமுறைக்கு ஆயுள் குறைவு என்பதை அப்போது புரிந்துகொண்டேன். எல்லோரும் உண்ணும் அதே சமையலைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் எண்ணெய். நாங்கள் நான்கு பேர். மாதத்துக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்று கேட்டால் மூன்று லிட்டர் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு லிட்டர் பாக்கெட்டை வெட்டி எண்ணெய்த் தூக்கில் ஊற்றும் ஒவ்வொரு நாளையும் தினசரிக் காலண்டர் தாளில் பேனாவால் வட்டமிட்டு, அந்தத் தாளைக் கிழித்து ஆணியிலேயே மாட்டி வைத்தேன். மாதக் கடைசியில் நான்கு தாள்கள் தொங்கின. ஆளுக்கு மாதம் ஒரு லிட்டர் என்றால் நாளைக்கு 33 மில்லி. அது கிட்டத்தட்ட 275 கலோரி. யாரும் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடாத மாதம் அது. எல்லாம் தாளிப்பிலும், வறுவலிலும், தோசையைச் சுற்றி விடும் கோட்டிலும் போனது.

கரண்டியால் ஊற்றுவதை நிறுத்தி, தேக்கரண்டியால் அளந்து விட்டேன். வாழைக்காய் வறுவல் வாரம் ஒரு நாள் ஆனது. மற்ற நாள்களில் அவரை, கொத்தவரை, புடலை, கீரை ஆகியவற்றை வேகவைத்துக் கடைசியில் தாளித்தேன். மூன்றாவது மாதம் இரண்டரை லிட்டரில் நின்றது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கலோரி குறைந்தது. சாப்பிட உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

அடுத்தது சோறு. நம் சாப்பாட்டில் குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று மூன்று தடவை சோறு விழுகிறது. சோற்றை நிறுத்த வேண்டாம். இந்த மூன்றை ஒன்றாக்குங்கள். முதலில் ஒரு கிண்ணம் பொரியலோ கூட்டோ சாப்பிடுங்கள். பிறகு சாம்பாருக்கு மட்டும் சோறு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடியுங்கள். சாம்பாரில் பருப்பைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள், அல்லது நீங்களே போடுங்கள். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். இதற்கு யாரும் தனியாக எதுவும் சமைக்க வேண்டியதில்லை.

உணவியல் மாணவி (4 ஆகஸ்ட் 2025)

பெரம்பூர் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் விடுதி சமையல்காரரிடம் எண்ணெய்க் கணக்கு கேட்டேன், அவரிடம் இல்லை. நான் முதுநிலை உணவியல் படிக்கிறேன். மருத்துவ ஆலோசனையாக இல்லாமல், பாடத்தில் கற்றதை மட்டும் பகிர்கிறேன்.

மாம்பலத்து ஐயா, எடை திரும்பியதற்கு உங்கள் மனவுறுதியைக் குறை சொல்வது சரியல்ல. எடை குறையும்போது உடல் அதைப் பஞ்சகாலமாகவே எடுத்துக்கொள்கிறது. நிறைவைச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு கழிந்த பிறகும் இந்த மாற்றங்கள் நீடித்தது தெரியவந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். ஓய்வில் அவர்கள் உடல் செலவழித்த ஆற்றல், எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பெரும்பாலானோருக்கு எடையும் திரும்பியிருந்தது.

நடைதான் காக்கிறது என்று பெசன்ட் நகர் ஐயா சொன்னதற்கு ஆதாரம் உண்டு. 1994-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் அதைக் காத்தவர்களைச் சேர்க்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறார்கள், பெரும்பாலும் நடையாக. நான்கில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். வென்றவர்களை மட்டுமே பதிவு செய்த ஏடு என்பதால் அதை முழு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் பொதுப்படையாக ஒரு வழக்கம் தெரிகிறது.

அவசரம் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சற்று மாற்றுக்கருத்து உண்டு. வேகத்தைவிட, குறைந்தது எது என்பதே கேள்வி. புரதம் குறைவாக உண்டு பட்டினி கிடந்தால், இறங்கும் எடையில் சுமார் கால் பங்கு தசையாக இருக்கக்கூடும். தசை போனால் நடக்கும் சக்தியும் போகிறது. ஐயாவின் இரண்டு சப்பாத்தியில் புரதம் எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இந்தியர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், ஒரு சிறிய கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 கிராமுக்கு மேல் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊரில் நடந்தது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்து நடத்திய இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையாமலேயே அந்தப் பலன் கிடைத்தது என்பதுதான் முக்கியம். எனவே எடை காட்டும் முள்ளை மட்டும் பார்க்காதீர்கள். அளவு நாடாவையும் எடுங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்பளவைத் தாண்டினால் கவனம் வேண்டும் என்பது இந்திய மருத்துவர்கள் வகுத்த வரம்பு.

சோழிங்கநல்லூர் இரவுப்பணி (5 ஆகஸ்ட் 2025)

இங்கே எல்லோரும் காலை ஐந்தரை மணியைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு அது அலுவலக வண்டியில் தூங்கிக்கொண்டு வீடு திரும்பும் நேரம். பணி மாலை ஆறரை முதல் அதிகாலை மூன்றரை வரை. நள்ளிரவு தாண்டினால் கிடைப்பது பரோட்டா, ஃபிரைடு ரைஸ், முட்டை பப்ஸ். தூக்கம் கெட்ட நாளில் இனிப்பைக் கண்டால் கை தானாக நீளுகிறது. மூன்று ஆண்டுகளில் 14 கிலோ ஏறியிருக்கிறேன். எனக்கு 29 வயது. என்னைப் போன்றவர்களுக்கு இதில் இடம் இருக்கிறதா?

பெரம்பூர்ச் சமையலறை (5 ஆகஸ்ட் 2025)

இருக்கிறது தம்பி. என் தங்கையும் இரவுப் பணிதான். அவள் பின்பற்றுவதைச் சொல்கிறேன். கிளம்பும் முன் ஐந்தரை மணிக்கு வீட்டில் முழுச் சாப்பாடு. அதை இரவுச் சாப்பாடு என்றே அவள் கணக்கு வைக்கிறாள். டப்பாவில் சுண்டலும் இரண்டு அவித்த முட்டையும் எடுத்துப் போகிறாள், பதினோரு மணிக்கு அதைச் சாப்பிடுகிறாள். அதன்பின் தண்ணீரும் சர்க்கரை இல்லாத டீயும் தவிர எதுவும் இல்லை. டப்பா கையில் இருக்கும் நாளில் பரோட்டா வாசனை அவளை ஒன்றும் செய்வதில்லை. டப்பா மறந்த நாளில் அவளால் முடிவதில்லை என்று அவளே சொல்கிறாள்.

உணவியல் மாணவி (5 ஆகஸ்ட் 2025)

தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள் அண்ணா. குறைவாகத் தூங்கும் பழக்கமுள்ள, எடை கூடியவர்களைச் சற்றுக் கூடுதலாகத் தூங்கவைத்து 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உணவைப் பற்றி எந்த அறிவுரையும் சொல்லாமலேயே, அவர்கள் உண்பது நாளுக்குச் சராசரியாக 270 கலோரி குறைந்தது. சன்னலுக்குக் கருப்புத் திரை போடுவது உங்களுக்கு உடற்பயிற்சிக் கூடக் கட்டணத்தைவிடப் பயன் தரும் செலவாக இருக்கலாம்.

மாம்பலத்தான் (6 ஆகஸ்ட் 2025)

பெரம்பூர்ச் சகோதரியின் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்கிறேன். சப்பாத்தி போட்டது என் மனைவி. அவர் வேலைக்கும் செல்கிறார். நான் கூடத்தை நிறுத்தியபோதே அவரும் சப்பாத்தியை நிறுத்தினார், நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நேற்றிரவு இதை அவரிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காலண்டரை எங்கே மாட்டுவது என்று கேட்டார்.

காபிக் கணக்கும் பார்த்தேன். நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. எட்டுத் தேக்கரண்டி என்பது சுமார் 35 கிராம். இத்தனை நாள் இனிப்பே சாப்பிடுவதில்லை என்று மருத்துவரிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆனால் முழங்கால்? ஒரு கிலோமீட்டர் நடந்தாலே வலிக்கிறது. நடைதான் எடையைக் காக்கும் என்றால் நான் எப்படிக் காப்பது?

தாம்பரம் இயன்முறை (7 ஆகஸ்ட் 2025)

ஐயா, நான் இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) செய்பவன். வலியோடு செய்தால்தான் பலன் என்பதைப் போல் மனிதர்களை வீட்டில் உட்காரவைத்த அறிவுரை வேறில்லை. தசை களைப்பது வேறு, மூட்டு வலிப்பது வேறு. முதலாவதை ஏற்கலாம், இரண்டாவது வந்தால் நிறுத்த வேண்டும். நேரில் ஒருவரிடம் முழங்காலைக் காட்டாமல் எதையும் தொடங்காதீர்கள்.

பொதுவாகச் சொல்லக்கூடியது இது. முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் தொடைத் தசையின் பலவீனமும் ஒரு காரணம். கைப்பிடியில்லாத, உறுதியான சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து, எழுந்ததைவிட மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழாமல், நான்கு எண்ணும் நேரம் எடுத்து இறங்குவதில்தான் தசைக்கு வேலை இருக்கிறது. எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு முறை. உயரம் தாழ்வாக இருந்து வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும், இரு கைகளிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவதையும் வாரத்தில் மூன்று நாள் செய்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவோடு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் ஊரில் அந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை.

நடையைப் பத்து நிமிடமாக உடைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம் என்றால் நாளுக்கு அரை மணி ஆகிவிட்டது. உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் அதனால் குறைவாக ஏறும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் மூட்டில் விழும் சுமை நான்கு கிலோ குறைவதாகக் கண்டார்கள். நீங்கள் முதல் நான்கு கிலோவைச் சமையலறையில் குறைத்துவிட்டு வாருங்கள். நடக்க உங்கள் காலே இடம் கொடுக்கும்.

திருவல்லிக்கேணி வாசகர் (9 ஆகஸ்ட் 2025)

எடை குறைக்கும் ஊசி மருந்துகளான மவுஞ்சாரோ மார்ச் மாதமும் வெகோவி ஜூன் மாதமும் இந்தியாவுக்கு வந்துவிட்டனவே. வாரம் ஓர் ஊசியில் முடிகிற காரியத்துக்கு இத்தனை கணக்கு எதற்கு என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

உணவியல் மாணவி (9 ஆகஸ்ட் 2025)

தேவைப்படுபவர்களுக்கு அவை நல்ல மருந்துகள். யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். வெகோவியில் உள்ள செமக்ளூடைடை நிறுத்தியவர்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஆகவே ஊசி போடுபவருக்கும் பருப்பும் தசைப் பயிற்சியும் வேண்டும், பசியே எடுக்காத நாள்களில் இன்னும் கூடுதலாக வேண்டும்.

பெசன்ட் நகர் நடையர் (10 ஆகஸ்ட் 2025)

நான் அவசரம் என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். 12 ஆண்டுகளில் நான் தசைக்காக எதுவும் செய்ததில்லை. இயன்முறை மருத்துவர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன், 8 கி.மீ. நடக்கும் எனக்கு, கையை ஊன்றாமல் ஆறாவது முறை எழ முடியவில்லை. இன்று காலை நண்பர்கள் நான்கு பேரைக் கடற்கரைச் சிமென்ட் இருக்கையில் உட்காரவைத்துச் செய்யச் சொன்னேன். ஒருவர் மட்டுமே எட்டைத் தொட்டார்.

மாம்பலத்தான் (9 நவம்பர் 2025)

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். எடை 82.2, இடுப்பு 96 செ.மீ. சென்ற முறை இதே காலத்தில் இதைவிட இரு மடங்கு குறைத்திருந்தேன். ஆனால் இம்முறை வீட்டில் யாருக்கும் நான் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பதே உறைக்கவில்லை. சோறு உண்டு, ஒரே தடவை. ரசம் டம்ளரில். காபி இரண்டாகி, அரைத் தேக்கரண்டிச் சர்க்கரைக்கு வந்திருக்கிறது. அதற்கு நாக்கு பழக ஐந்து வாரம் ஆனது. நாற்காலிப் பயிற்சி பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. தலையணையை எடுத்துவிட்டேன்.

தீபாவளி வாரத்தில் 1.1 கிலோ ஏறியது. முன்பானால் எல்லாம் போயிற்று என்று கைவிட்டிருப்பேன். இம்முறை ஏறிய எடையையும் காலண்டர் தாளில் எழுதினேன். மறுநாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினேன், பட்டினி கிடக்கவில்லை. இரண்டு வாரத்தில் அது இறங்கிவிட்டது. மழை தொடங்கியதிலிருந்து நடேசன் பூங்காவுக்குப் போக முடியாத நாள்களில் எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத் தளத்தில் நடக்கிறேன். மனைவியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் கூட வருகிறார். நாங்கள் மூன்று பேர். அக்டோபரில் இரண்டே கால் லிட்டர் எண்ணெய், தீபாவளிப் பலகாரத்தையும் சேர்த்து. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் போகிறேன்.

பெரம்பூர்ச் சமையலறை (9 நவம்பர் 2025)

பலகாரம் சேர்த்து இரண்டே கால் லிட்டர் என்றால் அண்ணியிடம்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டும். முறுக்கை எந்த எண்ணெயில், எத்தனை ஈடு சுட்டார்கள், மீந்த எண்ணெயை என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நவம்பர்த் தாள்களையும் ஆணியிலேயே வைத்திருங்கள்.